நிற்கிற கார் தண்ணீர் குடிக்காது

போன கிழமை எங்கள் கார் நடுவீதியில் புகைந்தது.

புகை என்றால் சும்மா புகை இல்லை. எஞ்சினை மூடும் பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் வெள்ளை வெள்ளையாய்... இடியப்பச் சட்டியைத் திறந்த மாதிரி. பின்சீற்றில் மச்சாள் படுத்திருந்தார். மச்சாள் என்றால் இவருடைய அக்கா. இவர் என்றால் யார் என்று என் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை — இந்தப் பத்தியில் வாராவாரம் திட்டு வாங்கும் என் வீட்டுக்காரர்.

மச்சாள் இருப்பது உரும்பிராயில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், இரத்தம் சுத்தம் செய்து, திருப்பிக் கொண்டுவர வேண்டும். போகும்போது இருந்து போவார். வரும்போது இருக்க முடியாது, படுத்துத்தான் வருவார். ஒருதரம் ஓட்டோவில் கொண்டுவந்து பார்த்தோம். வழியெல்லாம் வாந்தி. வீட்டு வாசலில் இறக்கும்போது சொன்னார்:

"இனி உதிலை ஏத்திறதெண்டால் என்னை விட்டுடுங்கோ. நான் வரேல்லை. வீட்டிலையே கிடக்கிறன்."

வீட்டிலேயே கிடந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கார். வேறு ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

"ஹீட் முள்ளைப் பாருங்கோ" என்று திருநெல்வேலியிலேயே சொன்னேன்.

"உது எப்பவும் உப்பிடித்தான் நிக்கும்" என்றார் இவர்.

கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் எதைக் காட்டினாலும் கிடைக்கிற பதில் இதுதான். கோண்டாவிலில் கார் நின்றது.

நின்றதும் ஆள் கூடியது. எங்கள் ஊரில் எதற்கும் பஞ்சம் வரலாம்... ஆபத்துக்கு ஓடிவரும் ஆட்களுக்குப் பஞ்சம் வராது. அவர்கள் சொல்லும் யோசனைகளுக்கும் வராது. "தண்ணி ஊத்துங்கோ, தண்ணி!" என்று நாலு பக்கமும் சத்தம். தேத்தண்ணிக் கடைக்காரர் வாளியோடு ஓடிவந்தார். பின்வளவுக் கிணற்றில் அப்போதுதான் அள்ளிய தண்ணீர் — குளிர்ந்த தண்ணீர். கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினின் மேல் அப்படியே ஊற்றினார். நல்ல மனுஷன். நல்ல மனதோடு ஊற்றினார்.

உள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

மச்சாளை அந்த வழியால் வந்த யாரோ ஒரு புண்ணியவானின் வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கொக்குவிலுக்கு வந்தோம். அங்கே ரயில் பாதைக்குப் பக்கத்தில் ரஞ்சன் கராஜ் வைத்திருக்கிறார். ரயில் போகும்போதும் கதையை நிறுத்தாத மெக்கானிக். ரயில் போய் முடிந்ததும், கேட்காமல் போனதை இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்வார். அவ்வளவு கதை.

அன்றைக்கு அவர் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எனக்குப் பயம் பிடித்ததே அப்போதுதான்.

"பாருங்கோ அக்கா, எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி வருது. தண்ணி உள்ளை கலந்திட்டுது. ஹெட் பழுதாப் போட்டுது."

ஹெட் என்பது எஞ்சினின் மேல் மூடி. மூடி என்றால் சோறு சமைக்கும் கிடாரத்து மூடி மாதிரி இல்லை... அதற்குள்ளேயே தண்ணீர் ஓடிச் சூட்டை இறக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. கழற்றிக் காட்டினார். ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாய் அடைபட்டிருந்தன. ஒரு இடத்தில் தலைமயிர் அளவில் ஒரு கோடு. வெடிப்பு.

"வெள்ளை என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டிலை கேத்திலுக்குள்ளை பாத்திருப்பியள்தானே? அதுதான் இது. கிணத்துத் தண்ணிச் சுண்ணாம்பு. இவ்வளவு வருஷமும் ரேடியேற்றருக்கு என்ன ஊத்தினனீங்கள்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ரயில் பாதையைப் பார்த்தார்.

என்ன ஊற்றினோம்? கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினோம். யாழ்ப்பாணத்தில் வேறு என்ன ஊற்றுவார்கள்? கடையில் பச்சை நிறத்தில் போத்தலில் கூலன்ற் விற்கிறார்கள்தான். வாங்குவோமா? "எங்கடை கிணத்துத் தண்ணி கற்கண்டு மாதிரி" என்று வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கெல்லாம் ஒரு கிளாஸ் வார்த்துக் கொடுக்கிற சனம் நாங்கள். மனுஷர் குடிக்கிற தண்ணீரைக் கார் குடித்தால் என்ன என்று கேட்போம். கேட்டோம். சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து எடுத்த தண்ணீர் என்பதை மட்டும் மறந்துபோவோம். அது மனுஷருக்குள்ளே என்ன செய்கிறது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. டொக்டர்மார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மச்சாளுக்கும் ஆளுக்கொன்றுதான் சொன்னார்கள்.

ஒட்டலாமா என்று இவர் கேட்டார்.

"ஒட்டலாம். ஆனா திரும்ப வெடிக்கும். நோயாளியை வைச்சுக்கொண்டு நடுறோட்டிலை நிப்பியள். வேறை ஹெட்தான் போடவேணும்."

எங்கள் கார் பழைய ஜப்பான் கார். அதற்கு இப்போது புதுச் சாமான் வருவதில்லை. கொழும்பில் பழைய எஞ்சின்கள் இறக்கும் கடைகளுக்கெல்லாம் ரஞ்சன் போன் எடுத்தார். "வந்தால் சொல்லுறம்" என்றார்கள். எப்போது வரும்? அது அவர்களுக்கும் தெரியாது. மச்சாளுக்கு அடுத்த தரம் வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் ரஞ்சன் அந்தக் கதையை எடுத்தார்.

"நீர்வேலியிலை ஒண்டு நிக்குது. இதே எஞ்சின். ஓடாமல் நிக்கிற கார், தேய்மானமே இல்லை. ஹெட் தங்கம் மாதிரி இருக்கும். கேட்டுப் பாக்கலாம்... ஆனா கேக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்."

நீர்வேலியில் செல்வராசா அண்ணை என்று ஒரு வாழைத் தோட்டக்காரர். ஒரே மகன் தர்சன். அந்தக் கார் தர்சனுடையது. ஆள் ஏற்றி ஹையர் ஓடினான். சாமான் விலை ஏறி, பெற்றோல் வரிசை வந்து, ஓட்டம் படுத்தபோது, எல்லாப் பெடியளையும் போல அவனும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்தான். ஏதோ ஒரு நாட்டில் இறங்கி, ஏதோ ஒரு எல்லையை, ஏதோ ஒரு காட்டுக்குள்ளால் நடந்து தாண்டுவதாக ஏற்பாடு. "பனி கொட்டுது அம்மா. போனிலை சார்ஜ் இல்லை. பிறகு எடுக்கிறன்" என்று அங்கிருந்து போனில் சொன்னானாம்.

பிறகு எடுக்கவில்லை.

அது நடந்து இரண்டு மாரிக்காலம் கடந்துவிட்டது. கூடப் போனவர்களில் இருவர் போய்ச் சேர்ந்தார்கள். "எங்களுக்குப் பின்னாலைதான் வந்தவன்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை.

போகாமல் விட்டிருக்கலாம். மச்சாளின் வெள்ளிக்கிழமை என்னைத் தள்ளிக்கொண்டு போனது என்பதுதான் உண்மை. நான், இவர், ரஞ்சன் — மூன்று பேரும் ரஞ்சனின் ஓட்டோவில் புறப்பட்டோம். ஆணி கழற்றும் சாவிப் பெட்டியையும் ரஞ்சன் காலடியில் வைத்துக்கொண்டார். நம்பிக்கை!

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அதற்குள் வெள்ளி நிறக் கார். தூசு ஒரு பொட்டு இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே சின்னப் பிள்ளையார், அவருக்கு அன்றைக்குப் பறித்த செவ்வரத்தம்பூ. பக்கத்தில் சந்தைக்குப் போகும் வாழைக்குலைகள் அடுக்கிக் கிடந்தன.

உள்ளே இருத்தினார்கள். சுவரில் தர்சனின் படம். மாலை இல்லை. விளக்கு இல்லை. கல்யாண வீடொன்றில் எடுத்த சிரிப்பு.

ஒரு வீட்டுக்குப் போய் வந்த காரியத்தை உடனே சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டா? கதலிக்குலை என்ன விலை போகிறது என்று இவர் தொடங்கினார். இந்தமுறை மழை பிந்திவிட்டது என்றார் ரஞ்சன். நான் தேத்தண்ணியின் ருசியைப் பற்றி ஏதோ சொன்னேன். செல்வராசா அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம்... ஓம்" என்றார். மெலிந்த மனுஷன். திருநீறு பூசிய நெற்றி. கண் அடிக்கடி வாசல் பக்கம் போய்வந்தது.

அவருடைய மனைவி புவனம் அக்காதான் கதையை வெட்டினார்.

"நீங்கள் காருக்குத்தானே வந்தனீங்கள்? ரஞ்சன் தம்பியைக் கண்டோடனை விளங்கிட்டுது."

விஷயத்தைச் சொன்னேன். மச்சாளைப் பற்றி, வெள்ளிக்கிழமையைப் பற்றி, பின்சீற்றைப் பற்றி. எவ்வளவு விலை சொன்னாலும் தருகிறோம் என்றும் சொல்லிவைத்தேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. புவனம் அக்கா, முகத்தில் மொய்க்கும் இலையானைத் தள்ளுகிற மாதிரி, அதைக் கையால் தள்ளிவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"காசு ஆருக்கு வேணும்? கழட்டிக் குடுங்கோ அப்பா. ஒரு உயிருக்கு உதவட்டும். அவன் இனி வரமாட்டான். எனக்குத் தெரியும். பெத்த வயிறு சொல்லுது. நீங்கள்தான் காலமையிலை காலமையிலை உந்தக் காரோடை நிண்டு மாயிறியள்."

செல்வராசா அண்ணை எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். காருக்குள் ஏறினார். சாவியைத் திருப்பினார். கார் உதறி, இருமி, பிறகு ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்தபடியே எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஓடுற கார், தங்கச்சி. ஓடுற காரை ஆரும் கழட்டுவினமோ?"

தர்சன் போகும்போது சாவியைக் கையில் கொடுத்துச் சொன்னானாம் — அப்பா, ஒவ்வொரு நாளும் ஸ்ராட் பண்ணி விடுங்கோ, இல்லாட்டி பற்றறி இறங்கிப்போம். தண்ணியும் பாருங்கோ. மகன் சொன்னதை அந்த மனுஷன் ஒரு நாளும் பிசகாமல் செய்திருக்கிறார். காய்ச்சல் கிடந்த நாளிலும் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்து செய்திருக்கிறார். விடிய எழும்பிக் கிணற்றில் அள்ளி முகம் கழுவி, பிள்ளையாருக்குப் பூ வைத்து, ரேடியேற்றரைத் திறந்து, ஒரு செம்புத் தண்ணீர்...

"ஒவ்வொரு நாளும் ஊத்திறனீங்களோ?" ரஞ்சன் கேட்டார்.

"ஓம் தம்பி. முந்திக் கிழமைக்கு ஒருக்கால் காணும். இப்ப ஒரு நாளைக்கு ஒரு செம்பு குடிக்குது."

ரஞ்சனின் முகம் மாறிப்போனது. அவரும் வாயை மூடக்கூடிய மனுஷன்தான் என்று அந்தக் கிழமையில் இரண்டாவது தரம் கண்டேன்.

"அண்ணை... நிக்கிற கார் தண்ணி குடிக்காது. குடிக்குதெண்டால் உள்ளை எங்கையோ விடுகுது."

அண்ணை காரை நிறுத்தினார். இறங்கி வந்தார். அந்த நிமிஷம் மட்டும் அவர் முகத்தில் இருந்தது கவலை இல்லை, பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்னால் வருமே, அந்தப் பயம்.

"அப்ப திறந்து பார். அவன் வரேக்கை பிழையா நிக்கக்கூடாது. அவன் என்னைத்தானே கேப்பான்?"

பார்த்தீர்களா? எங்களுக்குத் தருவதற்காக அவர் திறக்கச் சொல்லவில்லை. மகனுக்காகச் சொன்னார். புவனம் அக்கா என்னைப் பார்த்து, கழற்றட்டும் என்கிற மாதிரித் தலையைச் சாடையாய் அசைத்தார். நான் ரஞ்சனைப் பார்த்தேன். இவர் மட்டும் என் காதுக்குள் "விடு, போவம்" என்றார். கலியாணம் கட்டின நாள் தொட்டு அவர் சரியாகச் சொன்ன மிகச் சில விஷயங்களில் அதுவும் ஒன்று. நான் கேட்கவில்லை. ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கஸ்கற் தகடு மட்டும் போயிருந்தால் ஹெட் தப்பியிருக்கும் என்று ரஞ்சன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வரைக்கும் கழற்றினார் ரஞ்சன். செல்வராசா அண்ணை பக்கத்தில் குந்தியிருந்து, கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் வாங்கி, துடைத்து, ஒரு வாழைத்தடலில் வரிசையாய் வைத்தார். திருப்பிப் பூட்டும்போது மாறிப்போகக்கூடாதாம்.

ஹெட் மேலே வந்தது.

எங்களுடையதை விட மோசம். தண்ணீர் ஓட்டைகள் அரித்துப் பெருத்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. மிச்சம் எல்லாம் வெள்ளை. தொட்டால் மாவாய் உதிர்ந்தது. வெடிப்பு குறுக்காலே ஓடியிருந்தது. கீழே எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி, சிவப்பாய்த் துரு.

"ஓடாத கார், தேய்மானம் இல்லை" என்று சொல்லிக் கூட்டிவந்த ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"ஹெட் மட்டும் இல்லை அண்ணை. எஞ்சினே முடிஞ்சுது. இதைத் திருப்பிப் பூட்டினாலும் இனி ஸ்ராட் வராது. நாங்கள் திறக்காட்டியும் இண்டைக்கோ நாளைக்கோ நிண்டிருக்கும்."

கடைசி வாக்கியம் ஆறுதலுக்குச் சொன்னது. ஆறவில்லை.

அண்ணை விரலால் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"எங்கடை கிணத்துத் தண்ணிதானே தம்பி ஊத்தினனான்... நாங்கள் குடிக்கிற தண்ணி."

எத்தனை வீடுகள் இருக்கின்றன இங்கே, இப்படிச் சாமான்களைக் காத்துக்கொண்டு? வெளிநாட்டிலிருக்கும் மகளுக்காக ஒருவரும் படுக்காத கட்டிலுக்கு மாதாமாதம் விரிப்பு மாற்றும் வீடு எனக்குத் தெரியும். காணாமல் போனவனின் சைக்கிளுக்குக் காற்று அடித்துவைக்கும் வீடும் தெரியும். ஆளைப் பார்த்துக்கொள்ள வழி இல்லாதபோது, ஆள் விட்டுப்போனதைப் பார்த்துக்கொள்கிறோம். கடையில் போத்தலில் விற்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. நம் கிணற்றில் அள்ளி, நம் கையால் ஊற்றினால்தான் மனம் ஆறுகிறது. அது எதை அரிக்கிறது என்று திறந்து பார்க்கிறவர் யார்? நான் திறக்க வைத்தேன். திறந்து எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ரஞ்சன் ஹெட்டைத் திருப்பி அதன் இடத்தில் சும்மா தூக்கி வைத்தார். ஆணிகளைப் பூட்டவா என்று கேட்டார். அண்ணை வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு விடை தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார்:

"அப்ப நாளைக்கு விடிய எழும்பி நான் என்ன செய்யிறது, தங்கச்சி?"

இந்தப் பத்தியில் நான் எத்தனையோ கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மருமகளை எப்படி வைத்திருப்பது, விருந்தாளியை எப்படி அனுப்புவது... வாயாடி என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மச்சாளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கோண்டாவிலில் ஏற்றிச் சென்றாரே, அதே வான்காரர் கிழமைக்கு இரண்டு நாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்சீற்றில் தலையணை வைத்துப் படுத்து வருகிறார் மச்சாள். எங்கள் கார் தலை இல்லாமல் கொக்குவிலில் கிடக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது பெரிதாய்க் கவலையும் இல்லை.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு நாங்கள் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டதைப் பற்றி.

யார் வீட்டிலிருந்து புறப்பட்டாலும் நாங்கள் "போட்டு வாறன்" — போய்விட்டு வருகிறேன் — என்று சொல்லித்தான் புறப்படுவோம். ஒரு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். செத்த வீட்டில். அங்கே ஒருவருக்கும் சொல்லாமல், சும்மா எழும்பி நடப்போம். யாரும் இருத்திவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அப்படியே பழகிவிட்டது.

அன்றைக்கு ரஞ்சன் சாவிப் பெட்டியைத் தூக்கினார். இவர் செருப்பைப் போட்டார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். மூன்று பேரும் எழும்பி, ஒன்றும் சொல்லாமல் நடந்தோம். யோசித்துச் செய்யவில்லை. வாசல் படலையைத் தாண்டி ஓட்டோவுக்குள் ஏறி இருந்தும்கூட எனக்கு அது உறைக்கவில்லை.

பின்னால் யாரோ வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம். புவனம் அக்கா. மகன் இனி வரமாட்டான், பெத்த வயிறு சொல்லுது என்று காலையில் சொன்ன அதே மனுஷி. ஓட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி... போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

இறங்கி நின்று சொன்னேன்.